ஒரகடத்துப் புதுக் கைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலைகளில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரெய்னி தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



பிரஸ் ஷாப்பில் பல வருடம் நின்றுவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் போன்றவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஆங்கிலம் வந்தால் சீக்கிரம் லைன் லீடர் ஆகலாம் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. அதை நம்பித்தான் ரூமுக்கு ரூம் ஓர் ஆங்கிலப் பேச்சுப் புத்தகம் கிடக்கிறது. அதில் உடலுறுப்புப் பெயர்களை வைத்து மரபுத்தொடர்கள் என்று ஒரு பாடம் தவறாமல் வரும். ‘ஹேண்ட்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கம். மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னிடம் ஒப்பிக்கிறீர்கள். நன்றாகவே ஒப்பிக்கிறீர்கள். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் இல்லாத ‘ஹேண்ட்’கள்தான் உங்கள் லைனிலும் சம்பளச் சீட்டிலும் விபத்துப் பதிவேட்டிலும் இருக்கின்றன. அவற்றை முதலில் படியுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

புத்தகத்துத் தொடர்கள் எப்படியும் உங்களுக்குக் கஷ்டம் தராது, பாதிக்குமேல் நம்மிடம் முன்பே இருப்பவை. ‘லெண்ட் எ ஹேண்ட்’ என்றால் கை கொடு. ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்’ என்றால் கை கழுவிவிடு. ‘அப்பர் ஹேண்ட்’ என்றால் கை ஓங்குவது. ‘ரெட் ஹேண்டட்’ என்றால் கையும் களவுமாக. ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் திரையில் ‘ஆன் ஹேண்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கையிருப்புதான் அது. அரும்பாடுபட்டுப் படிக்க எதுவும் இல்லை.

இரண்டு மொழியும் பிரிகிற இடங்கள்தான் பார்க்க வேண்டியவை. கடிகாரத்தில் ஆங்கிலேயன் கையைப் பார்த்தான், நாம் முள்ளைப் பார்த்தோம். அதனால் ‘செகண்ட் ஹேண்ட்’ என்றால் அவனுக்கு விநாடி முள்ளும் உண்டு. நமக்கு அது வாலாஜாபாத் சாலையில் விற்பனைக்கு நிற்கும் பழைய பைக் மட்டும். ‘ஹேண்ட் டு மவுத்’ என்றால் கைக்கும் வாய்க்குமான ஓட்டம், அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு. நம் பழமொழியில் கைக்கு எட்டியதும் வாய்க்கு எட்டாமல் போய்விடுகிறது, அது வேறு கதை. ‘ஹேண்ட் இன் கிளவ்’ என்றால் இரண்டு பேர் உள்ளுக்குள் கூட்டு என்று அர்த்தம். போன மாதம் ஒரு தம்பி அதைப் பாதுகாப்பு வாசகம் என்று நினைத்து நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தான். அவன்மேல் குற்றமில்லை. ‘ஹேண்ட் கிளவுஸ்’ என்று ஆலை முழுக்கச் சொல்கிறோமே. ஆங்கிலத்தில் கிளவுஸ் என்றாலே கைக்குத்தான். ஷூவை யாரும் கால் ஷூ என்பதில்லை. சரி, அது இருக்கட்டும். கிளவுஸ் பற்றி அதைவிட முக்கியமான ஒன்று: தகடு தூக்கும்போது கிளவுஸ் கட்டாயம், சுழலும் டிரில்லிங் மெஷினில் கிளவுஸ் கூடவே கூடாது. துணி சுற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் எந்த ஆங்கிலப் பேச்சுப் புத்தகத்திலும் இல்லை.

இனி லைனுக்கு வருவோம். நீங்கள் முதல் வாரத்தில் சந்திக்கும் எழுத்துகள் எல்.எச்., ஆர்.எச். லெஃப்ட் ஹேண்ட், ரைட் ஹேண்ட். கதவு, ஃபெண்டர், கண்ணாடி, சீட் பிராக்கெட் எல்லாமே ஜோடியாக வரும், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எந்த இடது, யாருடைய வலது என்பதில்தான் புது ஆட்கள் தடுமாறுகிறார்கள். வண்டிக்கு எதிரே நின்று பார்க்கக் கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பவருடைய வலதுதான் ஆர்.எச். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் ஆர்.எச். என்றால் டிரைவர் பக்கம் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இங்கிருந்து ஏற்றுமதியாகும் வண்டிகளில் பல இடப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. அவற்றில் டிரைவர் மாறிப்போவார், ஆர்.எச். மாறாது. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேர் ஒரு பின்னுக்கு மேல் தப்பான பீஸை வைத்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது உங்கள் சூப்பர்வைசருக்குத் தெரியும்.

இடப்பக்கம் வலப்பக்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் காஞ்சிபுரத்துச் சீமையில் ஒரு காலத்தில் மனிதர்களையே வலங்கை, இடங்கை என்று பிரித்து வைத்திருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அந்தப் பிரிவு உண்டு. சென்னைப் பட்டணத்தில் கும்பெனிக்காரர்கள் வந்த பிறகு எந்தத் தெருவில் எந்தக் கைச் சாதி ஊர்வலம் போவது என்று 1652-லும் 1707-லும் பெரிய சண்டைகளே நடந்தன. கோட்டை அதிகாரிகள் அதை ரைட் ஹேண்ட், லெஃப்ட் ஹேண்ட் என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொண்டு பஞ்சாயத்து செய்தார்கள். கதவுக்கு மட்டும் அந்தப் பெயர் மிஞ்சியதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த சொல் ‘ஹேண்ட் ஓவர்’. ஷிஃப்ட் முடிகிறது, ரிலீவர் வந்து நிற்கிறார், பஸ் புறப்படப் போகிறது. “ஓவர் அண்ணா, பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஓடுகிறோம். அந்த நேரத்தில் சொல்லாமல் விட்ட விஷயம் அடுத்த எட்டு மணி நேரம் இன்னொருவர் தலைமேல் நிற்கும். மெஷின் இரண்டு தடவை தானாக ஸ்ட்ரோக் போட்டது, சென்சார் கவரில் விரிசல், எமர்ஜென்ஸி பட்டன் அழுத்தினால் கொஞ்சம் தாமதிக்கிறது, இவையெல்லாம் ஹேண்ட் ஓவரில் சேர்த்தி. புத்தகத்தில் இந்தச் சொல்லுக்குக் கையளித்தல் என்று ஒற்றை வார்த்தை போட்டிருப்பார்கள். கையளிப்பது எதை என்பதை லாக் புக்கில் எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். தமிழில் எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

இப்போது இந்த மடலின் தலைப்பில் உள்ள சொல். ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்றால் தொழிலாளி என்றும் பொருள். கப்பலில் வேலை செய்கிறவன் ஹேண்ட். பண்ணையில் உழைப்பவன் ஹேண்ட். நூற்பாலைகள் பெருகியபோது ஆலைக்காரன் ஆளை எண்ணாமல் கையை எண்ணினான். 1854-இல் டிக்கன்ஸ் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் வரும் ஊரின் ஆலைத் தொழிலாளிகளுக்குப் பெயரே ‘ஹேண்ட்ஸ்’. கையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இவர்களைப் படைத்திருந்தால் சிலருக்கு இன்னும் பிடித்திருக்கும் என்ற தொனியில் அவர் கிண்டல் செய்கிறார்.

அந்தச் சொல் கப்பலேறி இங்கேயும் வந்தது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில், நம் வாயில் பின்னி மில்லில், வேலை செய்தவர்கள் ஆங்கிலத்தில் ‘மில் ஹேண்ட்ஸ்’. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் அவர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். அவர்கள் முதலில் எழுப்பிய குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. கைகளுக்கு வயிறும் உண்டு என்று அன்றைக்கே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் சகதொழிலாளிகள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து அதையே மறுபடி சொன்னார்கள். தங்கைகளே, உங்களில் சிலர் இன்று தங்கியிருக்கும் வல்லம் வடகால் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கக்கூடிய கட்டடம். அந்தச் சாலை மறியலை நினைத்துக்கொண்டு அந்த மெஸ்ஸில் சாப்பிடலாம்.

தமிழில் நாம் அப்படி எண்ணுவதில்லை. ‘ஆள் எடுக்கிறார்கள்’, ‘இன்னைக்கு ஆள் பத்தல’ என்போம். ஆங்கிலத்தில் அதுவே ‘ஷார்ட் ஹேண்டட்’. கையாள் என்ற சொல் நம்மிடம் உண்டு, கூட நின்று உதவுகிறவனைக் குறிக்கும். அதிலும் ஆள் சேர்ந்தே வருகிறான். அடியாளுக்கும் அந்தப் பெயர் போய்விட்டது ஒரு கெட்ட காலம். இது பெருமை பேசுவதற்காகச் சொன்னதில்லை. ஆளை ஆள் என்று கூப்பிட்டுக்கொண்டே ஏமாற்றுகிற கான்ட்ராக்டர்கள் நம்மிடையே தாராளமாக இருக்கிறார்கள்.

ஒரு சின்ன வேடிக்கையும் கேளுங்கள். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. மேனுஃபேக்சரிங், மேனுவல், மேனேஜர், மெயின்டெனன்ஸ், இந்த நாலு சொல்லுக்குள்ளும் அந்தக் கை இருக்கிறது. மேனுஃபேக்சர் என்றால் கையால் செய்தது. மெயின்டெனன்ஸ் என்றால் கையில் பிடித்திருப்பது. மேனேஜர் முதலில் குதிரையைக் கையால் பழக்குகிறவர். டிஜிட்டலுக்குள் விரல் இருக்கிறது. இத்தனைக்கும், பாடி ஷாப்பில் தீப்பொறி பறக்க வெல்டிங் அடிக்கும் ரோபோவுக்கு ஆங்கிலத்தில் ஆர்ம் உண்டு, ரிஸ்ட் உண்டு, புயமும் மணிக்கட்டும். கை இருக்க வேண்டிய இடத்துக்கு ‘எண்ட் எஃபெக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ரோபோவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச் பென்டன்ட்டை வாங்கிப் பாருங்கள். பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை நடுவாந்தரமாக அழுத்திப் பிடித்திருந்தால்தான் ரோபோ அசையும். விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். ஆபத்தில் மனிதக் கை என்ன செய்யும் என்று யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள். மரியாதை கொடுக்கத் தெரிந்தவன் செய்த வேலை அது.

சம்பளத்துக்கு வருகிறேன். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் ஒரு தொகை இருக்கும். இன்டர்வியூவில் இன்னொரு தொகை சொல்வார்கள். பேங்கில் விழுவது மூன்றாவது தொகை. ‘இன் ஹேண்ட்’ என்றால் அந்த மூன்றாவது. சி.டி.சி. என்று சொன்னால் உங்களுக்காகக் கம்பெனி செலவழிப்பதெல்லாம் சேர்ந்தது, உங்கள் கைக்கு வராததும் அதில் உண்டு.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். மொத்தச் சம்பளம் 18,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 12,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 16,425. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். மறுபக்கம், கம்பெனியின் பங்கு பி.எஃப். 1,440, ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 585, கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம் 577. எல்லாம் கூட்டினால் சி.டி.சி. 20,600 சொச்சம். ‘இருபதாயிரத்துக்கு மேல் சம்பளம்’ என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தவர் முதல் மாதம் போனைப் பார்த்து முகம் வாடுவது இதனால்தான். அங்கே ஏமாற்று இல்லை, சொல் வேறு. ஆனால் நோட்டீஸில் ‘கையில்’ என்று தமிழில் அச்சடித்துவிட்டு சி.டி.சி. தொகையைப் போட்டிருந்தால் அது ஏமாற்றுத்தான். ஆஃபர் லெட்டரில் இன் ஹேண்ட் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதற்கு ஆங்கிலம் வேண்டாம்.

‘ஹேண்ட்’ என்ற சொல் இந்த மண்ணில் கொடிகட்டிப் பறந்ததும் ஒரு காலம். 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஹேண்ட்செட் செய்யத் தொடங்கியது. நாம் அதற்குக் கைப்பேசி என்று பெயர் வைத்தோம், ஜெர்மன்காரர் ஹேண்டி என்கிறார். அந்த போனை ஆன் செய்தால் திரையில் இரண்டு கைகள் நீண்டு ஒன்றையொன்று பிடிக்கும். உங்கள் அக்கா அண்ணன்களைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டே அதைச் சொல்வார்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்த கையோடு யூனிஃபார்ம் போட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறி, மாதச் சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்பியதை இந்த வட்டாரம் முதலில் பெரிய அளவில் பார்த்தது அங்கேதான். 2014 ஏப்ரலில் விருப்ப விலகல் திட்டம் வந்தது. பெரும்பாலோர் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ‘கோல்டன் ஹேண்ட்ஷேக்’ என்று பெயர், தங்கக் கைகுலுக்கல். இருபத்தைந்து வயதில் யாருக்கும் அதைப் பெற விருப்பம் இருந்திருக்காது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடியது.

அந்த ஆலையைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட முடியவில்லை. 2010 அக்டோபர் கடைசியில் அங்கே ஓர் இளம்பெண் தொழிலாளி, பேனல் ஏற்றும் இயந்திரத்தில் சிக்கலைச் சரிசெய்யப் போய், அதிலேயே மாட்டி உயிரிழந்தார். பளபளப்பான எலக்ட்ரானிக்ஸ் ஆலை, பிரஸ் ஷாப் இல்லை. அதனால் ‘எங்க லைன்ல அப்படி எல்லாம் இல்லண்ணா’ என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம். மேலே சொன்னதை மறந்தாலும் பரவாயில்லை.

மோட்டார் உதிரிபாகத் தொழிலில் விரல் போகிற இடம் பெரும்பாலும் பவர் பிரஸ். மானேசர், குருகிராம் பக்கம் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் ‘க்ரஷ்ட்’ என்ற பெயரில் ஆண்டறிக்கைகள் வெளியிடுகிறது. காயப்பட்ட தொழிலாளிகளிடமே கேட்டு எழுதியவை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர் பவர் பிரஸ்தான். பெரிய கம்பெனி கேட்டுக்குள் நடப்பதைவிட, அவர்களுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சின்ன ஷெட்டுகளில் நடப்பது அதிகம். நம் ஒரகடமும் அதே மாதிரி கட்டப்பட்ட ஊர்தான். 2010-இல் ரெனோ நிசான், 2012-இல் டைம்லர், பிறகு ராயல் என்ஃபீல்டு என்று பெரிய பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனையோ சின்னப் பெயர்கள். உங்களில் பாதிப் பேருடைய அடையாள அட்டையில் அந்தச் சின்னப் பெயர்தான் இருக்கிறது.

பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பட்டன்கள் இருக்கும், ஒரு கையை அகல விரித்தாலும் சேர்த்து எட்டாத தூரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தகட்டை அழுத்தும் ராம் கீழே இறங்கும். ‘டூ ஹேண்ட் கன்ட்ரோல்’. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் டைக்குள், அதாவது அச்சுக்குள், இருக்க முடியாது, அவ்வளவுதான் தத்துவம். சில மெஷின்களில் ஒளித்திரை இருக்கும், கை குறுக்கே போனால் ஸ்ட்ரோக் நின்றுவிடும். இந்த இரண்டில் ஒன்று வேலை செய்தாலே பெரும்பாலான விரல்கள் தப்பும்.

விரல்கள் எப்படிப் போகின்றன என்றால், டார்கெட்டால் போகின்றன. ஒரு கையால் பீஸ் வைத்துக்கொண்டே மறு கையால் அடித்தால் மணிக்குச் சில பீஸ் கூட வரும். அதற்காக ஒரு பட்டனில் டேப் ஒட்டுவார்கள், குச்சி சொருகுவார்கள், ஃபுட் பெடலுக்கு மாற்றுவார்கள். சில சமயம் செய்வது ஆபரேட்டர்தான். ஆனால் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிற சூப்பர்வைசர் இல்லாமல் அந்த டேப் ஒரு ஷிஃப்ட்கூட ஒட்டிக்கொண்டிருக்காது. விபத்து நடந்ததும் ‘வொர்க்கர் நெக்லிஜென்ஸ்’ என்று எழுதப்படும். டேப் உரிக்கப்பட்டிருக்கும். பிரஸ் ஷாப்பில் நின்ற யாரிடமும் கேளுங்கள்.

கை போனால் என்ன கிடைக்கும்? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் விலைப்பட்டியல் இருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் அதே மாதிரி ஒன்று. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதை எடுத்துக்கொண்டது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று அது சொல்லும். மணிக்கட்டோடு கை போனால் 60. ஒரு கையின் நான்கு விரல்கள் 50. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுசாக 14, நுனிக்கணு மட்டும் என்றால் 9. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. எலும்பு போகாமல் நுனிச்சதை மட்டும் துண்டானால் ஆள்காட்டி விரலுக்கு 5, சுண்டு விரலுக்கு 2. இரண்டு கையும் போனால் 100.

அதை ரூபாயாக்குங்கள். ஈ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊனத்துக்கு, நாள் கூலியில் 90 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, மருத்துவக் குழு சொல்லும் சதவீதத்தால் பெருக்குவார்கள். நாள் கூலி 600 என்றால் 540. ஆள்காட்டி விரலின் நுனிக்கணுவுக்கு 9 சதவீதம், நாளுக்கு 48 ரூபாய் 60 காசு. ஆயுள் முழுக்க வரும், உண்மைதான். கட்டைவிரலுக்கு 162 ரூபாய். காலையில் கேட்டில் பஞ்ச் வைக்கிறீர்களே, அதே கட்டைவிரல். கையெழுத்துப் போடத் தெரியாதவரை ஒரு காலத்தில் கைநாட்டு என்று ஏளனம் செய்தோம், இன்று எம்.டெக். படித்தவரும் கைநாட்டு வைக்காமல் உள்ளே நுழைய முடியாது. அட்டவணையை எழுதியவர்கள் மோசமானவர்கள் இல்லை. ஏதோ ஒரு கணக்கு வேண்டும், போட்டார்கள். நீங்கள் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பட்டனில் கை வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இரண்டு நுணுக்கங்கள் மட்டும். வேலையில் ஏற்படும் காயத்துக்கான ஈ.எஸ்.ஐ. பயன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு, ‘இன்னும் மூணு மாசம் ஆகல’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ் சேர்ந்தவர் என்றால் ஈ.எஸ்.ஐ. உங்களுக்கு வராது, அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி இழப்பீடு கொடுக்க வேண்டியது முதலாளி. ஆகவே டிரெய்னி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த டிரெய்னி, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம் என்று இன்றைக்கே ரூமுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். காயம் பட்டால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விபத்துப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். தனியார் கிளினிக்கில் தையல் போட்டு, கையில் இரண்டாயிரம் கொடுத்து, ஊருக்குப் போய் ஓய்வெடு என்று அனுப்பினால், அந்த விரல் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ‘ஹஷ் மணி’ என்று ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. உங்கள் புத்தகத்தில் தேடாதீர்கள்.

பயிற்சி கேட்பது உங்கள் உரிமை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த 111அ பிரிவு, பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப்பெறவும் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது, உரிமை போகவில்லை. பிரஸ்மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழிலும் வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்து மெஷினில் நிற்கிறவர் பீகார்க்காரராக இருந்தால் இந்தியிலும், ஒடிசாக்காரராக இருந்தால் ஒடியாவிலும். அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தியில் கைக்கு ஹாத், ஒடியாவில் ஹாத. அவருடைய கை டைக்குள் இருக்கும்போது ராம் அசைந்தால், “ஹாத்!” என்று கத்துங்கள். ‘பீ கேர்ஃபுல்’ என்று முடிப்பதற்குள் ஸ்ட்ரோக் முடிந்துவிடும்.

புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படியுங்கள், இன்டர்வியூவுக்கு உதவும். ஹெச்.ஆரிலிருந்து ‘ஆல் ஹேண்ட்ஸ் மீட்டிங்’ என்று மெயில் வந்தால் கிளவுஸ் போட்டுக்கொண்டு போக வேண்டாம், எல்லாத் தொழிலாளர்களும் வர வேண்டும் என்று அர்த்தம். அந்த மீட்டிங்கில் “கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்” என்றால் கை தட்டுங்கள். பிறகு கேள்வி உண்டா என்று கேட்பார்கள். அப்போது கை தூக்கி, எந்தெந்த பிரஸ்ஸில் ஒளித்திரை வேலை செய்யவில்லை என்று மெஷின் நம்பரோடு தமிழிலேயே சொல்லுங்கள். நாளை உங்கள் மெஷினில் ஒரு பட்டனில் டேப் ஒட்டியிருந்தால், ஸ்ட்ரோக் போடாமல் மெயின்டெனன்ஸைக் கூப்பிடுங்கள்; டார்கெட் பற்றி யார் கேட்டாலும், கூப்பிட்ட நேரத்தை லாக் புக்கில் எழுதிவைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்